317-இலிருந்து 204-க்கு: விடுதி அறை கிடைத்த கதை

சேர்க்கை உறுதியான நாளிலிருந்து வகுப்புகள் தொடங்கிய நான்காவது வாரம் வரை என் மனத்தை ஓயாமல் அரித்துக்கொண்டிருந்தது விடுதி அறைதான். முதலாண்டில் சேரும் பலரும் இந்த ஒதுக்கீட்டை ஏதோ தலையெழுத்துபோல நினைத்துக் காத்திருக்கிறார்கள்; நானும் அப்படித்தான் காத்திருந்தேன். அதில் நம் கையில் இருப்பது எவ்வளவு, இல்லாதது எவ்வளவு என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

விண்ணப்பம் இரண்டு பகுதிகளாக இருந்தது. முதல் பகுதியில் எந்தக் கட்டடம், எத்தனை பேர் அறை என்பதை விருப்ப வரிசைப்படி குறிக்க வேண்டும். இந்த இடத்தில் மூத்த மாணவிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லோரும் கேட்கும் புதுக் கட்டடத்தை முதலில் போட்டால் எதுவும் கிடைக்காது, ஆகவே யாரும் விரும்பாத பழைய கட்டடத்தை முதலில் போடு என்பது அவற்றுள் ஒன்று. விதிமுறைகளின் கடைசிப் பக்கத்தைப் படித்திராவிட்டால் நானும் அப்படியே செய்திருப்பேன். எங்களுக்கு முதலில் குலுக்கல் முறையில் ஓர் எண் தரப்படும். அந்த எண் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் எடுத்து, அந்த நேரத்தில் காலியாக இருப்பவற்றில் அவர் மேலே எழுதியிருப்பது அவருக்கு வழங்கப்படும். இந்த முறையில் பொய் சொல்வதால் ஒரு லாபமும் இல்லை. நம் முறை வரும்போது புதுக் கட்டடத்தில் இடம் இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் அடுத்ததைப் பார்ப்பார்கள். அதை மேலே எழுதியதற்காக யாரும் நம்மைப் பின்னால் தள்ளப்போவதில்லை. ஆனால் முதல் விருப்பமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகே இரண்டாம் விருப்பத்தைப் பார்க்கும் முறைகளும் உண்டு. அங்கே மூத்தவர்களின் தந்திரத்துக்குக் கொஞ்சம் பொருள் இருக்கும். எனவே பட்டியல் எழுதுவதற்கு முன் எந்த முறை என்று தெரிந்துகொள்வது அவசியம். மூன்று விருப்பங்களோடு நிறுத்திக்கொண்ட ஒரு வகுப்புத்தோழிக்கு மூன்றும் நிரம்பிவிட்டதால், மிஞ்சியவற்றில் ஒன்றைத் தள்ளிவிட்டார்கள். பிடிக்காததையும்கூட வரிசைப்படுத்தி எழுதியிருந்தால், அவற்றில் பரவாயில்லாத ஒன்றாவது கிடைத்திருக்கும்.

இரண்டாம் பகுதி பழக்கவழக்கங்கள் பற்றியது. நான் கோட்டை விட்டது இங்கேதான். எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்ற கேள்விக்கு "நள்ளிரவுக்குப் பிறகு" என்பதைத் தேர்ந்தெடுக்கப் போனபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த அப்பா கனைத்தார். "இதையெல்லாம் படிக்கிறவர்கள் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்றார். நான் "பத்து மணிக்கு முன்" என்று மாற்றினேன். எழும் நேரம் "ஐந்து மணி" ஆனது, அறைத் தூய்மை "மிக முக்கியம்" ஆனது. அந்தத் தாளை மதிப்பெண் போடுவதற்காக யாரும் படிக்கவில்லை. ஒரே மாதிரி விடை எழுதியவர்களை ஒரே அறையில் சேர்ப்பதற்கு மட்டுமே அது பயன்பட்டது. அப்பா விரும்பிய மகளுக்குப் பொருத்தமான அறைத்தோழிகள் எனக்குக் கிடைத்தார்கள்.

அதற்கு முன் பத்து நாள்கள் என் பெயருக்கு எதிரே "காத்திருப்பு" என்றே இருந்தது. தினமும் ஐந்தாறு முறை பார்த்தேன். அது வீண் வேலை. இடம் பெற்றவர்களில் வேறு கல்லூரிக்குப் போகிறவர்கள் விலகினால்தான் அறை காலியாகும். அவர்கள் விலகியது கட்டணம் செலுத்தும் கடைசி நாள் கடந்தால்தான் அலுவலகத்துக்குத் தெரியவரும். அந்த நாளுக்கு மறுநாள் பட்டியல் நகர்ந்தது. மூன்றாம் மாடி, அறை எண் 317, மூன்றாம் கட்டில்.

சாவி வாங்கும்போது ஒரு பொருள் பட்டியலைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள்: கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி, அலமாரி, எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாக. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூத்த மாணவி, "அறையைப் பார்க்காமல் போடாதே" என்று காதோரமாகச் சொன்னார். மேலே போய்ப் பார்த்தால் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் பூட்டு இருந்த இடத்தில் ஒரு துளைதான் இருந்தது; நாற்காலியின் பின்னங்கால் ஒன்றில் விரிசல். இரண்டையும் பட்டியலில் எழுதி, தேதியுடன் படம் எடுத்துவைத்த பிறகே கையெழுத்திட்டேன். எழுத்தருக்கு அது பிடிக்கவில்லை என்பது அவர் முத்திரை குத்திய சத்தத்திலேயே தெரிந்தது.

அறைத்தோழிகள் இருவரும் தங்கமானவர்கள். அவர்களுடைய குற்றம் ஒன்றே ஒன்றுதான்: விண்ணப்பத்தில் உண்மையை எழுதியிருந்தார்கள். ஒன்பதரைக்கு விளக்கு அணையும். நாலே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். எனக்கோ இரவு பதினொன்றுக்கு மேல்தான் படித்தது மண்டையில் ஏறும். போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் இரண்டு நாள் படித்தேன். பிறகு மாடிப்படிக்கு இடம் மாறினேன். அங்கே இருந்த விளக்கு ஆள் அசைந்தால் மட்டும் எரியும் வகை. இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை இருட்டிவிடும். தலைக்கு மேல் கையை ஆட்டினால் மறுபடி எரியும். நள்ளிரவில் படிக்கட்டில் உட்கார்ந்து நான் கை வீசுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிய ஒரு பெண்ணிடம் இன்றுவரை என்னால் விளக்கம் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது வாரத்தில் அறை மாற்றத்துக்கு அனுமதி உண்டு என்று அறிவித்தார்கள். இருவர் மனமொத்து இடம் மாற்றிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு மாற்றம். தேடிப் பார்த்ததில் 204-இல் இரவு விழித்துப் படிப்பவர்கள் இருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெண் வெளியேறவும் விரும்பினார். ஆனால் அவருக்கு முழங்காலில் அடி. இரண்டாம் மாடி ஏறுவதே சிரமம் என்பவரிடம் மூன்றாம் மாடிக்கு வருகிறீர்களா என்று எப்படிக் கேட்பது? அவர் விரும்பியது தரைத்தளத்து 12-ஆம் அறை. அங்கே இருந்த பெண் விடியலில் ஓடப் போகிறவர். வாசல் பக்கத்து இரைச்சலில் இரவு தூக்கம் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு 204-இன் இரவு வெளிச்சம் ஆகாது. ஒன்பதரைக்கு அடங்கிவிடும் 317 தேன்போல் இனித்தது. எனக்கு 12-இன் இரைச்சல் வேண்டாம். ஆக, எந்த இருவரைச் சேர்த்தாலும் ஒருவருக்கு ஒத்துவரவில்லை. மூவரையும் சேர்த்தால் அனைவருக்கும் ஒத்துவந்தது.

முதலில் நானும் 12-காரரும் மாறி, அடுத்து நானும் 204-காரரும் மாறினால் முடிந்துவிடும். ஆனால் எனக்கு இரண்டு மாற்றம் தேவைப்படும், விதி ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கிறது. முதல் மாற்றம் முடிந்து இரண்டாவது மறுக்கப்பட்டால் என் பாடு வாசலோரம். மூவரும் சேர்ந்து விடுதிக் காப்பாளரிடம் போனோம். அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் இரண்டு கையெழுத்துக்குத்தான் கோடு இருக்கிறது" என்றார். நாங்கள் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று அறைகளையும் வட்டமாக வரைந்து, யார் எங்கே போகிறோம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினோம். ஒருவருக்கு ஒரு மாற்றம்தான், விதி மீறப்படவில்லை என்பதை விரல்விட்டு எண்ணிக் காட்டியதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அளவுகோலை எடுத்து இரண்டாவது கோட்டுக்குக் கீழே மூன்றாவது கோடு ஒன்றைப் பேனாவால் கிழித்து, தானே அதற்கருகில் சுருக்கொப்பமும் இட்டார்.

அடுத்த ஆண்டு விருப்பப் பாடமாக எடுத்த கணித வகுப்பில், ஆசிரியர் கரும்பலகையில் அதே வட்டத்தையும் அம்புகளையும் வரைந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பணப் பரிமாற்றம் இல்லாமல் ஆளுக்கொரு வீட்டை மாற்றிக்கொள்ளும் இந்தச் சுழற்சியைப் பற்றி லாய்ட் ஷாப்லியும் ஹெர்பர்ட் ஸ்கார்ஃபும் 1974-இலேயே எழுதியிருக்கிறார்கள். ஷாப்லி 2012-இல் ஆல்வின் ராத்துடன் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே ஷாப்லியும் டேவிட் கேலும் 1962-இல் அறைத்தோழர் கணக்கு ஒன்றையும் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேரை இருவர் இருவராகச் சேர்க்க வேண்டும்; முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் முதலாமவரையும் மிகவும் விரும்புகிறார்கள்; நான்காமவரை மூவருமே கடைசியில் வைத்திருக்கிறார்கள். எப்படிச் சேர்த்தாலும், தங்கள் அறைத்தோழர்களை விட்டுவிட்டு ஒன்றுசேர விரும்பும் இருவர் மிஞ்சிவிடுவார்கள். அலுவலகத்தை நான் வாய் ஓயாமல் திட்டித் தீர்த்த அந்த மூன்று வாரங்களில் இது தெரிந்திருந்தால், பாதியாவது குறைத்துத் திட்டியிருப்பேன்.

மாறும் நாளன்று எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. மூன்று கட்டிலும் நிரம்பியிருப்பதால், யாராவது ஒருவர் முதலில் காலி செய்தாக வேண்டும். என் பெட்டிகளை இறக்கி இரண்டாம் மாடி நடைவழியில் வைத்துவிட்டு, 204-காரரின் பைகளைக் கீழே கொண்டுபோனேன். அவர் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். 12-காரர் தம் மூட்டைகளை ஒரே ஓட்டத்தில் மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டார். 317-இன் பொருள் பட்டியலைச் சரிபார்க்க வந்த எழுத்தர், இழுப்பறைத் துளைக்குள் விரலை விட்டு, "பூட்டு எங்கே?" என்று என் முகத்தைப் பார்த்தார். முதல் நாள் அவரே முத்திரை குத்திய தாளை நீட்டினேன். படித்துவிட்டு, காப்புத்தொகையில் பிடித்தம் எதுவுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

204-க்கு வந்ததும் புது அறைத்தோழி என் பெட்டியை உள்ளே இழுத்துவைத்து, "முதலில் உட்கார்" என்றாள். நான் சன்னல் கொக்கியைப் போட்டுப் பார்த்தேன். போட்ட வேகத்தில் கழன்று விழுந்தது. பேனா கேட்டேன்.