'வரவு' என்ற சொல் என்னைக் கவிழ்த்த கதை

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. கணக்குப்பதிவியலில் 94. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டில்தான் இருந்தார். போனைப் பார்த்துவிட்டு, "மீதி ஆறு எங்கத்தா போச்சு?" என்றார். கருவாட்டு வியாபாரி வேறு எப்படிக் கேட்பார்!

பிளஸ் ஒன் அரையாண்டில் இதே பாடத்தில் நான் 38. உங்களுக்கு உபயோகப்படுவது அந்த 38-தான்.

எங்களுக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர். கடையில் இரண்டு நோட்டு உண்டு. முதலாவது வரவு செலவு நோட்டு. பணம் வந்தால் இடப்பக்கம் வரவு, போனால் வலப்பக்கம் செலவு. இதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பாடத்திலோ இடப்பக்கம் பற்று (டெபிட்), வலப்பக்கம் வரவு (கிரெடிட்). கடைக்குப் பணம் வந்தால் ரொக்கக் கணக்கு பற்றாம்! கை கேட்கவே இல்லை. 'பெற்றது' என்று கேள்வியில் பார்த்ததும் வரவில் எழுதிவிடும். ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, நமக்குத்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், அத்தனையும் தலைகீழாகப் போட்டும், இரு பக்க மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் இருப்பாய்வு சமமாகிவிட்டது. ஒரே தொகைதானே பக்கம் மாறியிருக்கிறது, மொத்தம் எப்படி இடிக்கும்? நிம்மதியாகப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். திருத்திய டீச்சர் என் ரொக்கக் கணக்கைக் காட்டி, "வரவிருப்பு வந்திருக்கே, கல்லாவில் இல்லாத பணத்தை எப்படி எடுத்த?" என்று கேட்டார். வரவிருப்பு என்றால் வரவுப் பக்கம் அதிகம், அதாவது வந்ததைவிடப் போனது அதிகம். ரொக்கத்துக்கு அது வரவே வராது. இருப்பாய்வு சமமானால் எல்லாம் சரி என்று தயவுசெய்து நம்பாதீர்கள்.

விடை அப்பாவின் இரண்டாவது நோட்டில் இருந்தது. அது பற்று நோட்டு. கடனுக்குச் சரக்கு எடுப்பவர் பெயரில் ஒரு பக்கம். அவர் எடுத்தது பற்று, திருப்பிக் கொடுத்தது வரவு. அதுதான் பேரேடு! அப்புறம் நான் கல்லாப்பெட்டியையும் கடனுக்கு வாங்கும் ஓர் ஆளாக நினைத்துக்கொண்டேன். பணத்தை வாங்கிக்கொண்டது கல்லா, ஆகவே கல்லாவின் பெயரில் பற்று. வாங்கியவர் பற்று, கொடுத்தவர் வரவு. இவ்வளவுதான்.

- நெத்திலிக் கருவாடு ரொக்கத்துக்கு விற்றது 5,000: ரொக்கம் பற்று, விற்பனை வரவு.
- வாளைக் கருவாடு கடனுக்கு வாங்கியது 8,000: கொள்முதல் பற்று, கொடுத்த வியாபாரி வரவு.
- அப்பா பணமாக முதல் போட்டால்: ரொக்கம் பற்று, முதல் வரவு.
- வீட்டுக் குழம்புக்கு 300 ரூபாய் அடக்கத்தில் சீலாக் கருவாடு எடுத்தால்: எடுப்புகள் (கடைக்காரர் சொந்தத்துக்கு எடுத்தது) பற்று, கொள்முதல் வரவு. இங்கே விற்பனை என்று எழுதினால் போச்சு.

கடைசிப் பதிவு அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. "என் கடையில நான் எடுக்கிறதுக்கு எனக்கே பற்றா?" ஆமாம், கடை வேறு, கடைக்காரர் வேறு. இது மண்டையில் ஏறினால் பிளஸ் டூ முதல் பாடம், முழுமை பெறா பதிவேடுகள், பாதி முடிந்த மாதிரி. லாபம் கண்டுபிடிக்க இறுதி முதலோடு எடுப்புகளைக் கூட்டு, கூடுதல் முதலையும் தொடக்க முதலையும் கழி. தொடக்கத்தில் 1,00,000, இறுதியில் 1,15,000, எடுப்பு 30,000, கூடுதல் முதல் 10,000 என்றால் லாபம் 35,000. எடுப்பை ஏன் கூட்டுகிறோம்? குழம்பில் போன கருவாடும் கடை சம்பாதித்ததுதான்.

மற்றவை சுருக்கமாக:

- நடவடிக்கைகளை முதலில் பதியும் குறிப்பேட்டில் பற்றுக் கணக்கின் பக்கத்தில் 'ப' போட மறக்காதீர்கள்.
- இரட்டைப் பதிவை 1494-இல் வெனிஸில் அச்சிட்டு விளக்கிய லூகா பாசியோலி ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் தேறமாட்டார். வெனிஸும் துறைமுக ஊர் என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாசம்.
- விகிதங்களை நான் மனப்பாடம்தான் செய்தேன். அதற்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.
- அதிகாலை நாலு மணிக்கு எழச் சொல்வார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. எல்லாரும் தூங்கியபின் இரவு பதினொன்றுக்குத்தான் கணக்கு ஓடியது.

போன ஆறு மதிப்பெண் எதில் என்று தெரியவில்லை. கூட்டாளி விலகலில் ஒரு கணக்கு மேல் சந்தேகம் இருக்கிறது.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. படகு போனதும் கடைக்கு மூன்றாவது நோட்டு நான் போடப்போகிறேன். அப்பாவும் சரி என்றுவிட்டார், எடுப்புகள் பக்கம் மட்டும் வேண்டாமாம்.