முப்பது விநாடிச் சண்டையும் 520 அடித் தண்ணீரும்

அப்பா கோவில்பட்டிப் பக்கம் நாற்பது வருடம் பம்புசெட் மெக்கானிக்காக இருந்தவர். ஆயில் எஞ்சினில் தொடங்கி, ஜெட் பம்பு, கம்ப்ரசர், சப்மெர்சிபிள் வரைக்கும் கழற்றிப் பூட்டியிருக்கிறார். போன வருடம் ஏப்ரலில் முதல் தடவையாக என்னிடம் அரிசோனாவுக்கு வந்தார். கிராண்ட் கேன்யனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அரைமணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ஓடை கொஞ்சம் பெருசுதான்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

"வேறென்னப்பா பாக்கணும்?"

"ஜெய்சங்கர் தொப்பி போட்டுக்கிட்டு குதிரைல வருவாரே பாப்பா, அந்த மாதிரி ஊரு உண்மையிலேயே இருக்கா?"

இருக்கிறது. சாண்ட்லரில் என் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம். டூம்ஸ்டோன். பெயரே கல்லறைக்கல்தான்.

டூசானைத் தாண்டி பென்சன் வரும்போதே கொச்சீஸ் கவுண்டிக்குள் வந்துவிடுவோம். அங்கே தெற்கே திரும்ப வேண்டும். கவுண்டி என்றால் தாலுகாவா ஜில்லாவா என்று அப்பா கேட்டார். ஜில்லா மாதிரிதான், ஆனால் ஷெரீப்பை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள் என்றேன். "போலீஸ்காரனே ஓட்டுக் கேட்டு வருவானா? நல்லா இருக்கே!" பரப்பு பதினாறாயிரம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் எட்டில் ஒரு பங்கு. ஜனங்கள் ஒன்றே கால் லட்சம்தான். தெற்கு எல்லை மெக்சிகோ. இந்த நிலமே 1854 வரை மெக்சிகோவுடையது. அமெரிக்கா ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கிய துண்டில் சேர்ந்தது.

சாலைக்கு இடதுபக்கம் டிரகூன் மலை கூடவே வந்தது. பாறைகளை யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். கொச்சீஸ் அங்கேதான் எங்கோ புதைக்கப்பட்டிருக்கிறார். இந்த மண்ணின் பழங்குடிகளான சிரிக்காவா அப்பாச்சி மக்களின் தலைவர். செய்யாத ஆள்கடத்தலுக்காக 1861-இல் ஓர் இளம் ராணுவ அதிகாரி அவரைப் பிடிக்கப் பார்த்ததில் தொடங்கி, பதினோரு வருடம் ராணுவத்தோடு சண்டை. 1872-இல் சமாதானம் ஆகி, இந்த மலைகளையும் சேர்த்து அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கினார்கள். 1874-இல் கொச்சீஸ் இறந்தார். இரண்டே வருடத்தில் ஒதுக்கிய நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வருடம் இந்தப் பக்கத்தில் வெள்ளி கிடைத்தது. 1881 பிப்ரவரியில் பீமா கவுண்டியிலிருந்து இந்தப் பகுதியைப் பிரித்துப் புதுக் கவுண்டி ஆக்கியபோது, அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆளைத் துரத்திவிட்டு வீட்டு வாசலில் அவர் பெயரை எழுதி வைப்பது எந்த ஊர் மரியாதை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

டூம்ஸ்டோனில் ஆலன் தெரு மட்டும்தான் ஊர் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் நிறைய. மரப்பலகை நடைபாதை, மண் தெரு, குதிரை வண்டி, மீசையை முறுக்கிக்கொண்டு கறுப்புக் கோட்டில் நிற்கும் ஆட்கள். 1881 அக்டோபர் 26-இல் நடந்த துப்பாக்கிச் சண்டையை டிக்கெட் போட்டு நடத்திக் காட்டுகிறார்கள். ஒரு பக்கம் ஊருக்குப் போலீஸாக நின்ற வர்ஜில், வயட், மோர்கன் என்ற ஏர்ப் சகோதரர்கள், கூடவே அவர்கள் நண்பர் டாக் ஹாலிடே. எதிர்ப்பக்கம் மாடு மேய்க்கும் கூட்டம். முப்பது விநாடியில் முப்பது குண்டு, மூன்று சாவு. ஓ.கே. கொரல் சண்டை என்று பெயர். கொரல் என்றால் நம்ம ஊர்த் தொழுதான். ஆனால் சண்டை தொழுவில் நடக்கவில்லை. அதன் பின்வாசலிலிருந்து சற்றுத் தள்ளி, ஃப்ளை என்பவரின் போட்டோ ஸ்டூடியோவை ஒட்டிய காலி மனையில் நடந்தது. ஸ்டூடியோ பக்கத்திலேயே இருந்தும் சண்டையை ஒரு படம் எடுக்கவில்லை! அதே ஃப்ளை 1886-இல் மெக்சிகோ மலைக்குள் போய், இன்னும் சரணடையாத அப்பாச்சிப் போராளி ஜெரோனிமோவை, கையில் துப்பாக்கியோடு நிற்கவைத்துப் படம் எடுத்து வந்தார். அந்தப் படங்களுக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

அப்பா காதைப் பொத்திக்கொண்டு சண்டையைப் பார்த்தார். முடிந்ததும், "இதுல எவன் நல்லவன்?" என்றார்.

நூற்று நாற்பது வருடமாக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். ஏர்ப்புகள் ஊரில் முதல்போட்டவர்கள் பக்கம். கவுண்டியின் முதல் ஷெரீப் ஜான் பீஹன் மாட்டுக்காரர்கள் பக்கம். ஷெரீப் வேலையில் வரி வசூலும் சேர்ந்தது, வசூலில் அவருக்குப் பங்கும் உண்டு. "அப்போ சண்டை அதுக்குத்தான்" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு மாதம் விசாரித்த நீதிபதிக்கு இவ்வளவு சீக்கிரம் முடியவில்லை.

எனக்கு அப்பாவைக் கூட்டிப்போக வேண்டியிருந்த இடம் அடுத்த தெருவில் இருந்தது. டஃப்நட் தெருவின் பழைய கோர்ட் கட்டடம். 1882-இல் செங்கல்லில் கட்டியது, இப்போது மியூசியம். டஃப்நட் என்பது சுரங்கத்தின் பெயர். எட் ஷீஃபலின் என்கிற ஆள் 1877-இல் தன்னந்தனியாக இந்த மலைகளில் வெள்ளி தேடிக்கொண்டிருந்தார். 'உனக்கு அங்கே கிடைக்கப்போவது உன் கல்லறைக்கல்தான்' என்று சிப்பாய்கள் கேலி செய்தார்களாம். முதலில் பதிந்த இடத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். 1879-இல் ஊரை அளந்து தெருப் போட்டார்கள். அடுத்த வருடம் ஒரு பத்திரிகை வந்தது. அதற்கு எபிடாஃப் என்று பெயர், அதாவது கல்லறைக்கல்லில் செதுக்கும் வாசகம். இந்த ஊர்க்காரர்களுக்குக் குசும்பு ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது.

மியூசியத்தில் சுரங்கப் பகுதிக்கு வந்ததும் அப்பா நின்றுவிட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கல்லை இடித்துப் பொடியாக்கும் ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். ஊரில் தண்ணீர் இல்லை. அதனால் கோவேறுகழுதை வண்டியில் கல்லை ஏற்றி, ஒன்பது மைல் தள்ளி ஓடும் சான் பெட்ரோ ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் இடித்தார்கள். அதற்காகவே சார்ல்ஸ்டன் என்று ஓர் ஊர் அங்கே முளைத்தது. இப்போது அது புதருக்குள் நாலைந்து குட்டிச்சுவர். அப்புறம் 1881-இல் ஒரு சுரங்கத்தில் 520 அடியில் தண்ணீர் வந்தது. முதலில் சந்தோஷம்தான். வீட்டடியிலேயே தண்ணீர் என்றால் வண்டிக்கூலி மிச்சம், ஆலையை இங்கேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் நல்ல வெள்ளி அதற்குக் கீழேயும் இருந்தது. கீழே போகப் போகத் தண்ணீர் நிற்கவில்லை.

கிராண்ட் சென்ட்ரல், கன்டென்ஷன் என்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் கார்னிஷ் பம்புகளைக் கொண்டுவந்து பூட்டின. நீராவி எஞ்சின் மேலே இருக்கும். அதிலிருந்து குழிக்குள் நெடுகத் தடி இறங்கும். எஞ்சின் தடியைத் தூக்கித் தூக்கி இறக்க, கீழே பம்பு தண்ணீரைத் தள்ளும்.

"எஞ்சின் மேல, பம்பு கீழ. நம்ம போர்ல கைப்பம்பு தடி இறங்குற மாதிரி" என்றார் அப்பா. "எத்தனை சுரங்கம் இறைச்சாங்க?"

"பெருசா இறைச்சது ரெண்டுதான்."

"மத்தவன்லாம்?"

"இவங்க இறைக்கிறதுல அவங்க சுரங்கத்துலயும் மட்டம் இறங்கிடும்ல."

அப்பா சிரித்தார். எங்கள் ஊரில் தோட்டக் கிணறுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒருத்தர் விடிய விடிய மோட்டார் ஓட்டினால் பக்கத்துக் கிணற்றில் ஊற்றுக்கண் வெளியே தெரியும். அவர் நிறுத்தினால் இங்கே தண்ணீர் ஏறும். மோட்டார் காயில் எரிந்துபோய் யாராவது அப்பாவைக் கூப்பிட வந்தால், வந்தவர் முகத்தைவிடப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் முகத்தைப் பார்த்தே பழுது எவ்வளவு என்று கண்டுபிடிப்பேன் என்பார். "கிணறு வேற வேறன்னு பத்திரத்துலதான் இருக்கும். ஊத்து ஒண்ணுதான் பாப்பா."

1886 மே மாதம் கிராண்ட் சென்ட்ரலில் தீப்பிடித்தது. பம்பு நிலையம் கருகிப்போனது. கன்டென்ஷன் மட்டும் தனியாக எவ்வளவு இறைக்கும்? தண்ணீர் ஏறிவிட்டது. வெள்ளி விலையும் விழுந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் ஜனம் இருந்த ஊர், 1900 கணக்கெடுப்பில் 646 பேர். அதற்குப் பிறகு புதுக் கம்பெனி ஒன்று எல்லாச் சுரங்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து, பெரிய பம்பு போட்டு மறுபடி இறங்கிப் பார்த்தது. 1903-இல் ரயில்கூட வந்தது. 1909-இல் எரிபொருள் சரியில்லாமல் கொதிகலன்கள் நின்று, பம்புகள் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிப்போயின. இந்த இடத்தில் அப்பா 'ச்ச்ச்' என்று கொட்டிய உச், மூன்று பேர் செத்த சண்டைக்குக்கூட வரவில்லை. "முழுகுன பம்பை எடுக்கிறது பாவம் பாப்பா" என்றார்.

கீழே இவ்வளவு தண்ணீர் இருந்த அதே வருடங்களில் மேலே ஊர் இரண்டு தடவை எரிந்தது. 1881 ஜூனில் ஒரு சாராயக்கடையில் பீப்பாயைத் திறந்தபோது சுருட்டுத் தீ பட்டது என்பார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட கடைகள் போயின. 1882 மேயில் இன்னொரு தடவை. அணைக்கத் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகுதான் ஹுவாச்சூகா மலைச் சுனைகளிலிருந்து இருபது மைலுக்கும் மேல் இரும்புக் குழாய் வந்து சேர்ந்தது. பம்பு கிடையாது, மலையிலிருந்து இறங்கும் வேகத்திலேயே வருகிற தண்ணீர். அந்தக் குழாய்வழி இன்னும் ஊரின் சொத்து. 2011-இல் அந்த மலையில் காட்டுத்தீ. அடுத்து வந்த மழையில் பாறைகள் உருண்டு குழாயைச் சிதைத்துவிட்டன. அந்தக் காடு இப்போது இயந்திரம் நுழையக்கூடாத காப்புக்காடு என்பதால், வனத்துறைக்கும் ஊருக்கும் வழக்காகி, மறு வருடம் ஜனங்கள் மண்வெட்டியோடு மலையேறிப்போய்த் தோண்டினார்கள். பல் தேய்க்கும் தண்ணீருக்கு 1880-களின் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிற ஊர், எனக்கு அந்தத் துப்பாக்கிக்காரர்களைவிட நெருக்கமாகத் தெரிகிறது.

1929-இல் கவுண்டித் தலைநகரையும் ஓட்டெடுத்து பிஸ்பிக்கு மாற்றிவிட்டார்கள். தாமிரம் இருந்த இடத்துக்கு அதிகாரமும் போனது. தெற்கே அரைமணி நேரத்தில் அங்கேயும் போனோம். கார் சாலையை ஒட்டியே பிரம்மாண்டமான திறந்தவெளிக் குழி. செம்மண்ணும் கத்தரிப்பூ நிறமுமாக அடுக்கடுக்காக இறங்குகிறது. 1917 ஜூலை 12 அதிகாலையில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் ஏறக்குறைய 1,200 பேரைக் கவுண்டி ஷெரீப்பின் ஆட்கள் துப்பாக்கிமுனையில் வீடு வீடாக இழுத்து, மாடு ஏற்றும் ரயில் வேகன்களில் அடைத்து, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஷெரீப்புக்கு அன்று துணைக்கு நின்றவர்கள் இரண்டாயிரம் பேர், அவர்களில் பலர் ஊர்க்கடைக்காரர்கள் மாதிரிச் சாதாரண ஆட்கள். இதை யாரும் டிக்கெட் போட்டு மதியம் நடித்துக் காட்டுவதில்லை.

டூம்ஸ்டோனை விட்டுக் கிளம்புமுன் பார்த்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். ஒரு பழைய வீட்டின் கொல்லைப்புறத்தில் ரோஜா. 1885-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பதியனை நட்டது. உலகிலேயே பெரிய ரோஜாச் செடி என்று சொல்கிறார்கள். செடி என்று சொல்ல வாய் வரவில்லை. அடிமரம் புளியமரம் போல முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. அதன் கொடிகளைக் குழாய்க்கால் நட்டுப் பந்தலில் ஏற்றி, கொல்லை முழுக்கக் கூரையாகப் படரவிட்டிருக்கிறார்கள். சின்னச் சின்ன வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாக. நாங்கள் போனபோது பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் அப்பா தலையில் இதழ்கள். வெளியே பளீரென்ற வெயில், உள்ளே கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரிக் குளிர்ச்சி.

அப்பா பூவைப் பார்க்கவில்லை. அடிமரத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். குனிந்து மண்ணைத் தொட்டார். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"வேர் எவ்வளவு தூரம் போயிருக்கும்னு நினைக்கிற?"

"தெரியலப்பா."

"சுரங்கத்துத் தண்ணியை இதுதான் குடிச்சிருக்கு" என்றார். 520 அடிக்கு ரோஜா வேர் இறங்காது என்று சொல்ல வாயெடுத்தேன். நான் சிப் கம்பெனியில் தண்ணீர் சுத்திகரிக்கிற பிரிவில் வேலை பார்க்கிறேன், இதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

வாசலில் இருந்த குழாயில் கை நீட்டி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கொப்பளித்து, மறுபடி ஒரு வாய்.

"மலைத் தண்ணி கலந்திருக்கு" என்றார். பாட்டிலை வாங்கி நிரப்பிக்கொண்டார்.