கதைக் கடன்

மாத முடிவுக் கணக்கை முடித்துவிட்டுத் திருநெல்வேலி வீட்டுக்கு வர இரவு 9.40. மகள் நித்திரை.

மேசையில் அவளின் கொப்பி. பென்சிலால் ஒரே வரி: "அப்பா தர வேண்டியது 3 கதை."

கடன் கொடுக்கும் எங்கள் தொழிலில் 90 நாள் தவணை கட்டாவிட்டால்தான் செயற்படாக் கடன், அதாவது திரும்பி வருவது சந்தேகமான கடன். இவள் மூன்றாம் நாளே பதிந்துவிட்டாள். மனேச்சரை விடக் கறார்!

காலையில் தோசைக்கு நடுவே ஒன்றைத் தீர்த்தேன். அமெரிக்கக் கோடீஸ்வர முதலீட்டாளர் வாரன் பஃபெட் சின்னப் பெடியனாக 6 கோலாப் போத்தலை 25 சதத்துக்கு வாங்கி, ஒன்றை 5 சதத்துக்கு விற்ற கதை.

"அப்ப 5 சதம் லாபம்," என்றாள், சம்பல் விரலோடு.

சரி, 1942இல், 11 வயதிலேயே பங்கு வாங்கியதையும் சொன்னேன். பெரிய முதலாளிகளின் கதையில் லாபக் கணக்குத்தான் எப்போதும் இருக்கும். அவர்களின் வீட்டுக் கொப்பியில் என்ன எழுதியிருந்ததோ?

"அவரின்ர அப்பா என்ன வேலை?"

"பங்குத் தரகர்."

"அவரும் இரவிலதான் வீட்ட வாறவரோ?"

மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினேன்.