அண்ணன் பேரு

"இன்னும் கொஞ்சம் பெருசாக்குடா."

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உசிலம்பட்டி வண்டிக்கு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு அப்பத்தா. பேரன் செல்போனில் டெல்லி போட்டோ காட்டுகிறான். தேசியப் போர் நினைவிடம். கிரானைட் சுவரில் 1971 பாகிஸ்தான் சண்டையில் போன அப்பத்தாவின் அண்ணன் பேர்.

அவருக்கு எழுத்து தெரியாது. பேரன் காட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். படம் நகர்ந்து வேறு யார் பேருக்கோ போய்விட்டது. அவன் திரும்பக் கொண்டுவந்தான். திரும்பவும் தடவினார். திரும்பவும் நகர்ந்தது.

மூன்றாவது தடவை விரலைத் தொடாமல் மேலேயே வைத்துக்கொண்டார்.

2019-ல் திறந்த இடம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் விட்டவர்கள், 25,000 பேருக்கு மேல். பக்கத்து இந்தியா கேட்டில் வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்கள் பேர், பெரும்பாலும் நம்மாட்கள், அது 13,000-க்கு மேல். அங்கே கல்மண்டபத்தில் நின்ற ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968-ல் தூக்கிவிட்டார்கள். அரை நூற்றாண்டு காலியாகக் கிடந்து 2022-ல்தான் நேதாஜி வந்தார். 28 அடி, கருங்கல்.

ராஜா போய்விட்டார். அவருக்காகச் செத்த சிப்பாய்களின் பேர் அப்படியே இருக்கிறது.

நமக்குச் சிலை என்றால் கோரிப்பாளையம் தேவர் சிலைதான். ஏணி, மாலை, போலீஸ். (கூடவே டிராஃபிக்.) வெறும் பேருக்கு என்ன செய்வது?

அப்பத்தாவுக்கும் அதே கவலை போல.

"அங்க மாலை போட விடுவாய்ங்களாடா?"

"தெரியல அப்பத்தா."

"அடுத்த தடவ ரெண்டு முழம் மல்லி வாங்கிட்டுப் போ. இங்கிருந்தே."

"ரயில்லயே வாடிப்போகும்."

"வாடுனா என்ன, நம்ம ஊருப் பூவுல்ல."