பெட்டி வரும்வரை

விமானத்தின் கதவு திறந்ததிலிருந்து 11 நிமிடத்தில் டாக்ஸிக்குள் உட்கார்ந்ததுதான் இதுவரை என் சாதனை. அலுவலகத்தில் இதைச் சொன்னால் கை குலுக்குவார்கள். வீட்டில் சொன்னபோது யாரும் சிரிக்கக்கூட இல்லை.

என் வேலை அப்படி. தொழிற்சாலைகளில் பேக்கிங் இயந்திரங்களை நிறுவி, ஓட்டிக் காட்டி, அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். மாதத்தில் 10, 12 நாள் வெளியில்தான். இதில் ஒரு கொடுமை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் லைனை நிறுத்தி எங்களை உள்ளே விட எந்தத் தொழிற்சாலைக்கும் மனசு வராது. ஷட்டவுன் விட்டால்தான் விடுவார்கள். ஷட்டவுன் எப்போது? எல்லோரும் லீவில் இருக்கும்போது. ஆக, பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை வருகிற நேரத்தில்தான் எனக்கு வேலை குவியும். மற்ற குடும்பங்கள் பெட்டி கட்டும் வாரத்தில் நானும் பெட்டி கட்டுவேன். ஒரே ஆளுக்கு.

சரி, எப்படியோ ஒரு வாரம் லீவு கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அப்போது அடுத்த சிக்கல். வருஷம் முழுக்க ஒரே வீட்டில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விடுமுறை என்றால் கிளம்புவது. எனக்கு விடுமுறை என்றால் கிளம்பாமல் இருப்பது. பழகிய தலையணை, இருட்டிலும் கை நேராகப் போய்த் தொடும் ஸ்விட்ச், இதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் சரியாக வராதது என் மனப்பிரமை என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள்: புது இடத்தில் முதல் இரவு, மூளையின் இடப்பக்கம் வலப்பக்கம் அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை, ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று ஒரு காதைத் திறந்தே வைத்திருக்கிறது. மாதத்துக்கு மூன்று நான்கு ‘முதல் இரவு’ இருப்பவனுக்கு இதைப் படித்ததும் ஒரு ஆறுதல். மனைவியிடம் காட்டினேன். “அதனால?” என்றாள். அதோடு முடிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த முறை எல்லாம் என் பொறுப்பு. பயணத்தில் பழுத்தவன் ஆயிற்றே. நாலு பேருக்கும் கைப்பெட்டி மட்டும், செக்-இன் கிடையாது என்று சட்டம் போட்டேன். திரவமெல்லாம் 100 மில்லிக்குள், ஒரு லிட்டர் பைக்குள். 2006இல் லண்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு வந்த விதி அது, பல விமான நிலையங்களில் இன்னும் இருக்கிறது. லேப்டாப், பெல்ட், வாட்ச் எல்லாம் எந்த வரிசையில் ட்ரேயில் வைக்க வேண்டும் என்று முதல் நாள் வீட்டு வரவேற்பறையிலேயே ஒத்திகை வேறு. மகனுக்கு அப்போது 9 வயது. மகளுக்கு 4. அவளுடைய பொம்மைக் கரடியை ஸ்கேனரில் விட மாட்டேன் என்று அழுதாள். நான் பின்னால் நிற்பவர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளைப் பார்க்கவில்லை.

விமானத்தில் என் கை தானாகவே நடைபாதை ஓரத்து சீட்டைப் பிடித்தது. இறங்கியதும் கால் தானாகவே நடந்தது. திரும்பிப் பார்த்தால் நூறு அடிக்குப் பின்னால் மூன்று பேர், ஒரு கரடி. மனைவி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“நீங்க எங்களைக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல டெலிவரி பண்றீங்களா?”

அதற்கு என்ன பதில் சொல்வது? பேக்கிங் இயந்திரக்காரனிடம் கேட்ட கேள்வி வேறு.

வெளியே போகும் வழியில்தான் லக்கேஜ் பெல்ட்டுகள். மகள் அங்கே நின்றுவிட்டாள். கறுப்பு ரப்பர் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளைவில் மீன் செதில் மாதிரி விரிந்து சுருங்கின. சுவரில் தொங்கிய பட்டைத் திரையை முட்டிக்கொண்டு ஒரு சிவப்புப் பெட்டி வெளியே வந்தது. சறுக்கலில் தலைகீழாக விழுந்தது. அவள் கை தட்டினாள். அடுத்து ஒரு குழந்தைத் தள்ளுவண்டி, அதற்கடுத்து கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் கைதட்டு. “நம்ம பெட்டி எப்போப்பா வரும்?” என்றாள். நம் பெட்டியெல்லாம் கையிலேயே இருக்கிறது, நாம்தான் புத்திசாலிகள் என்று விளக்கினேன். முகம் சுருங்கிப்போனது. அவள் விடுமுறை அந்த பெல்ட்டில்தான் தொடங்கியிருக்கிறது. நான் ஒரு நிமிடம்கூட நிற்க விடாமல் இழுத்துக்கொண்டு போய் டாக்ஸியில் ஏற்றினேன். 14 நிமிடம். கரடி காரணமாக மூன்று நிமிடத் தாமதம்.

பிறகொரு நாள் எங்கேயோ படித்தேன். சக்கரம் வைத்து நிமிர்த்தி இழுக்கும் கைப்பெட்டியை 1987இல் உருவாக்கியவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. முதலில் விமானத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் விற்றாராம். அதாவது அது உத்தியோகத்துக்குப் போகிறவர்களின் பெட்டி. ஸ்பேனர் மாதிரி ஒரு தொழில் சாமான். அதை நாலு பேர் கையிலும் கொடுத்து ‘ஜாலியாக இருங்கள்’ என்று சொல்லியிருக்கிறேன்.

வேலைப் பயணத்தையும் குடும்பப் பயணத்தையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன என்று எல்லோரையும் போல எனக்கும் தோன்றியது. தங்கும் அறைக்குக் கம்பெனி பணம் கட்டுகிறது, குடும்பத்துக்கு டிக்கெட் மட்டும் போட்டால் போதும். கணக்கு அழகாக இருந்தது. காலை ஏழு மணிக்கு சைட்டுக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத் திரும்புவேன். பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஓட்டல், ஜன்னலுக்கு எதிரே ஒரு செங்கல் சுவர். நாலாவது நாள் மகன் சொன்னான், அந்தச் சுவரில் 412 கல் இருக்கிறதாம். பாதிக் கல்லைச் சேர்க்கவில்லையாம்.

இன்னொரு முறை என் சாமர்த்தியம் வேறு விதமாகக் காலை வாரியது. கம்பெனி போய்வர டிக்கெட் போட்டிருந்தது. நான் அதற்கு முந்தைய வாரமே குடும்பத்தோடு வேறோர் ஊருக்குப் போய்விட்டு, அவர்களை அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரயில் பிடித்து நேராக சைட்டுக்குப் போனேன். போகும் டிக்கெட் வீண், போகட்டும், திரும்பும் டிக்கெட் இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். கவுண்டரில் என் பெயர் பட்டியலிலேயே இல்லை. முதல் பயணத்துக்கு ஆள் வராவிட்டால் ‘நோ ஷோ’ என்று குறித்து மீதிப் பயணத்தையும் ரத்து செய்வது பல விமான நிறுவனங்களின் வழக்கம். வருஷத்துக்கு நாற்பது முறை பறப்பவனுக்கு இது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? கைக்காசில் கடைசி நேர டிக்கெட் எடுத்து மறுநாள் காலை வீடு வந்தேன். அந்தக் காசில் இன்னொரு விடுமுறையே போயிருக்கலாம் என்று இன்றும் வீட்டில் குத்திக் காட்டுவதுண்டு. நியாயம்தான்.

இப்போது நாங்கள் செய்வது கொஞ்சம் மாறியிருக்கிறது. என் அலுவலகத் திட்டம் வருவதற்கு முன்பே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காகித நாள்காட்டி ஒட்டப்பட்டுவிடும். பள்ளிக் கால அட்டவணையைப் பார்த்து மனைவி முதலில் பென்சிலால் அல்ல, பேனாவால் வட்டம் போடுவாள். அந்த நாள்களை அன்றே மேலாளருக்கு எழுதிப் போட்டுவிடுவேன். ஆறு மாதம் முன்னால் கேட்கிற லீவை மறுக்க அவருக்கே காரணம் கிடைப்பதில்லை. ஆறு வாரம் முன்னால் கேட்டால் நூறு காரணம் இருக்கும். இவ்வளவு சின்ன விஷயம் புரிய எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது. உச்ச ஷட்டவுன் வாரத்தை வீட்டில் விட்டுக்கொடுத்துவிட்டார்கள், அதற்கு முன்போ பின்போ ஒரு வாரம் எனக்குக் கிடைக்கிறது. பேரம்தான்.

வேலைப் பயணத்துக்கும் குடும்பப் பயணத்துக்கும் நடுவே இரண்டு இரவாவது வீட்டில் என்பது நானே போட்ட விதி. தூர தேசம் போய் வந்தால் மூன்று. கிழக்கே பறந்து வந்தால் உடம்பு அதிகமாகப் படுத்தும். நம் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் மேற்கே போய் ஒரு நாளை நீட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளும், கிழக்கே போய்ச் சுருக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழக ஏறக்குறைய ஒரு நாள் என்பது பொதுவான கணக்கு. முன்பெல்லாம் விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே குடும்பத்தோடு கிளம்புவேன். ஆளைப் பார்த்தால் வந்திருப்பதுபோலத்தான் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். வாய் பிளந்து தூங்கும் என் புகைப்படங்கள் குடும்ப ஆல்பத்தில் ஒரு தனிப் பிரிவு.

குடும்பம் என் வேலை ஊருக்கு வருவதை முழுதாக விட்டுவிடவில்லை. ஆனால் வேலை முடிகிற அன்று மாலைதான் வந்து இறங்குவார்கள். இயந்திரத்தைக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டு நானே போய் அழைத்து வருவேன். திரும்பும் தேதியைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் டிக்கெட் போடுவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுவேன், கூடுதல் கட்டணம் வந்தால் அது என் கணக்கு. கம்பெனி எடுக்கும் பயணக் காப்பீடு பெரும்பாலும் வேலை நாள்களோடு நின்றுவிடும். மீதி நாள்களுக்கு நாலு பேருக்கும் தனியாக எடுத்துவிடுகிறோம். அப்புறம் பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு 10 வருஷம் என்றால் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் 5 வருஷம்தான். அதிலும் பல தேசங்கள் கடைசி ஆறு மாதத்தை ஏற்பதில்லை. என்னுடையதை ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் எண்ணோடு சொல்வேன். மகனுடையது காலாவதியாக இரண்டு மாதம்தான் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது மனைவி.

மைல்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தைத் தொடங்கிய பிறகு உலகமெங்கும் பரவிய பழக்கம், பறந்த தூரத்துக்குப் புள்ளி தருவது. என் கணக்கில் நிறைய இருந்தது. குடும்பத்துக்கு இலவச டிக்கெட் என்று மார்தட்டினேன். பள்ளி விடுமுறை வாரத்தில் தேடிப் பாருங்கள், இரண்டு சீட் இருக்கும், நாலு இருக்காது. ஒருமுறை கிடைத்தது. இருக்கையில் உட்கார்ந்ததும் மகன் கேட்டான்: “இந்த டிக்கெட்டுக்கு நீங்க எத்தனை நாள் வீட்டுல இல்லப்பா?” கணக்கு அவனுக்கு நன்றாக வரும். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியாகப் போன பயணத்தில் பெரிய பெட்டி ஒன்றை செக்-இன் செய்தோம். கைப்பிடியில் மகள் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் பரபரப்புதான், கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கக் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். 35 நிமிடம். ஏறக்குறைய கடைசியாக வந்தது. பட்டைத் திரையை விலக்கிக்கொண்டு மஞ்சள் ரிப்பன் தெரிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் பெல்ட்டைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு பெரியவர் அவளோடு சேர்ந்து கை தட்டினார்.

அதிலிருந்து எனக்கு ஒரு புது வேலை. வேலைப் பயணத்தில் எந்த ஊரில் இறங்கினாலும் அவளுக்கு அந்த பெல்ட்டை வீடியோ காலில் காட்ட வேண்டும். போன வாரம் இரவு, கைப்பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போனை நீட்டியபடி நின்றேன். பச்சை வந்தது, கறுப்பு வந்தது, குழந்தை வண்டி வந்தது. அவள் அங்கே எண்ணிக்கொண்டிருந்தாள். கூட்டம் கரைந்து பெல்ட்டும் நின்ற பிறகு அங்கிருந்த ஊழியர் ஒருவர் பரிதாபமாகப் பக்கத்தில் வந்தார்.

“சார், உங்க பெட்டி வரலையா?”

“எனக்குப் பெட்டியே இல்லைங்க” என்றேன்.