ஹெச்81 போர்டுல 1660 சூப்பர்: லேன் கணக்கு பார்த்து எடுத்த கார்டு

ஒருவழியா கிராபிக்ஸ் கார்டு உக்காந்துருச்சுங்க. ஐ5 4590, ஹெச்81 போர்டு, 16 ஜிபி டிடிஆர்3 ரேம். இந்தப் பழைய சிஸ்டத்துல இப்ப ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் ஓடுது. பழைய 2 ஜிபி 750 டிஐ கார்டைக் கழட்டி வெச்சாச்சு. ஜிடிஏ 5-ல டவுனுக்குள்ள வேகமா கார் ஓட்டறப்ப டெக்ஸ்சர் வராம நின்னு நின்னு வெட்டுமே, அது சுத்தமா போயிருச்சு. பத்தாயிரத்துக்குள்ள இதைவிடப் பொருத்தமா இந்தப் போர்டுக்கு எதுவும் சிக்காதுன்னு அடிச்சே சொல்லுவேன்.

காந்திபுரத்துல ஏறி இறங்குன கடையிலெல்லாம் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யத்தான் முதல்ல நீட்டுனாங்க. "புதுசுங்க தம்பி, வாரன்டி இருக்குது, எதுக்குப் பழசுக்கு அலையறீங்க?"ன்னாங்க. கார்டு மேல குத்தமில்லை. ஆனா அதுக்கு எத்தனை லேன், அதாவது கார்டும் போர்டும் டேட்டா மாத்திக்கற பாதை எத்தனைன்னு கேட்டா ஒரு கடையிலயும் பதில் வரலை. வாங்கறவங்க முதல்ல கேக்க வேண்டியதே அதுதான்.

6500 எக்ஸ்டி-யும் 6400-ம் பார்க்க முழு நீள ஸ்லாட் கார்டுதான், ஆனா உள்ள நாலே லேன். பிசிஐ எக்ஸ்பிரஸ்ங்கறது கார்டு உக்கார்ற ஸ்லாட்டோட பேரு, 2.0, 3.0, 4.0-ன்னு ஏற ஏற வேகம் ஏறும். 4.0 போர்டுல போட்டா நாலு லேன்லயே கிட்டத்தட்ட செகண்டுக்கு 8 ஜிபி போகும், கவலையே இல்லை. ஹெச்81-ல பிராசசர் 3.0-க்குத் தயாரா இருந்தாலும் போர்டு 2.0-லதான் ஓட்டும். 2.0-ல ஒரு லேனுக்கு 500 எம்பி. நாலு லேன்னா 2 ஜிபி, அவ்வளவுதான். அதே ஸ்லாட்டுல 16 லேன் கார்டு போட்டா 8 ஜிபி கிடைக்கும். பிஏபி வாய்க்கால்ல தண்ணி நெறஞ்சு ஓடுனாலும் மடை வாய் எவ்வளவோ அவ்வளவுதானுங்களே காட்டுக்குப் பாயும்.

விரேம், அதாவது கார்டுலயே இருக்கற மெமரி நிறையாத வரைக்கும் இந்தக் குறை அவ்வளவா தெரியாது. ரெண்டு கார்டுலயும் பரவலா கிடைக்கறது 4 ஜிபி. இன்னைக்கு வர்ற கேம்ல டெக்ஸ்சரை ஹைல வெச்சா அது நிறைஞ்சுரும். நிறைஞ்சதும் மிச்சத்தை சிஸ்டம் ரேம்ல வெச்சு, வேணுங்கறப்பல்லாம் அந்த நாலு லேன் வழியாத்தான் இழுக்கணும். அங்கதான் வெட்டு ஆரம்பிக்கும். ஆவரேஜ் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்) பார்த்தா ஓரளவு நல்லாத்தான் இருக்கும், 1% லோ, அதாவது ரொம்ப மெதுவா வந்த ஃபிரேம்களோட கணக்கைப் பார்த்தாத்தான் வண்டவாளம் தெரியும்.

ஆர்டிஎக்ஸ் 3050-ல 6 ஜிபி மாடலும் ஆசை காட்டுச்சு. 70 வாட், தனி பவர் கேபிள் வேண்டாம். ஆனா அதுக்கு 8 லேன், நம்ம போர்டுல 4 ஜிபி வேகம். மோசமில்லைதான். புதுசு விலை என் கைக்கு எட்டலை, அதனால விட்டேன். ஜிடிஎக்ஸ் 1060 செகண்ட் ஹேண்ட்ல மலிவா சுத்துது. அது பாஸ்கல்ங்கற பழைய தலைமுறை. பாஸ்கல் கார்டுக்கெல்லாம் 2025 அக்டோபரோட கேம் ரெடி டிரைவர் நின்னுபோச்சு, இனிமே 2028 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டுந்தான். 1660 சூப்பர் டூரிங்ங்கற அதுக்குப் பிந்தின தலைமுறை, அதுக்கு இன்னும் டிரைவர் வந்துக்கிட்டிருக்குது. 16 லேன், 6 ஜிபி ஜிடிடிஆர்6, 125 வாட். எனக்குக் கணக்கு முடிஞ்சுது.

செகண்ட் ஹேண்ட் எடுக்கறவங்க, கார்டோட விவரம் காட்டற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டச் சொல்லாம காசை எடுக்காதீங்க. ஆர்எக்ஸ் 580-ன்னு சொல்லி விக்கறதுல நிறைய 2048எஸ்பி மாடல், அது 570 ரகம். ஷேடர் (கார்டுல கணக்குப் போடற சின்ன யூனிட்) 2304 இருந்தாத்தான் நிஜ 580. அதே சாஃப்ட்வேர்ல பஸ் இன்டர்ஃபேஸ் (லேன் எண்ணிக்கை காட்டற வரி) பக்கத்துல இருக்கற கேள்விக்குறியை அமுக்கி டெஸ்ட்டை ஓட விடுங்க. சும்மா இருக்கறப்ப கார்டு மின்சாரம் மிச்சம் பண்ண 1.1-க்கு இறங்கிரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என் போர்டுல லோடு ஏறுனதும் 16 லேன் 2.0-ன்னு காட்டுச்சு. அந்த வரியைப் பார்த்தப்ப வந்த சந்தோசம் கேம் ஓடுனப்பகூட வரலைங்க.

எஸ்எம்பிஎஸ், அதாவது சிஸ்டத்துக்குக் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். பெட்டி மேல 450 வாட்னு பெருசா அச்சடிச்சிருப்பாங்க. அதை விட்டுட்டு லேபிள்ல 12 வோல்ட் லைனைப் பாருங்க. என் பழசுல 16 ஆம்பியர், அதாவது 192 வாட். கார்டு 125, பிராசசர் 84, கூட்டுனா 209. இதுல மோலெக்ஸ்ங்கற பழைய 4 பின் பிளக்ல இருந்து கார்டுக்கு வேணுங்கற 8 பின்னுக்கு மாத்தற கன்வெர்ட்டரைக் கையில திணிக்கறாங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க, கருகிப்போகும். நான் 8 பின் கேபிளோட வர்ற 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் தரத்து எஸ்எம்பிஎஸ் ஒண்ணு புதுசா எடுத்துட்டேன். கார்டுல மிச்சம் புடிச்ச காசு அதுல போச்சு, போகட்டும்.

இன்னும் முடியாத வேலை பஞ்சு. எங்க வீடு பல்லடம் பக்கம், சுத்தியும் தறி. கேபினெட்டை மாசக்கணக்குல திறக்காம விட்டா ஹீட்சிங்க் மேல மெத்தை மாதிரி படிஞ்சுரும். 750 டிஐ-ய கழட்டறப்ப ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவுல கத்தையா எடுத்தேன். வொர்க்‌ஷாப் கம்ப்ரசர்ல அடிக்கறவங்க ஃபேனை விரல்ல அழுத்திப் புடிச்சுக்குங்க, காத்து வேகத்துல சுத்துனா பேரிங் போயிரும். கொசுவலைத் துணியை வெட்டி, காந்தப் பட்டை ஒட்டி முன்பக்கம் மாட்டலாம்னு இருக்கேன். துணி வாங்கியாச்சு, பட்டை இன்னும் வரலை. வலை போட்டா காத்து குறைஞ்சு ஒரு அஞ்சு டிகிரி ஏறுமோன்னு யோசனை. அதனால கார்டை முழு லோடுல ஓட்டிப் பார்க்கற ஃபர்மார்க் சாஃப்ட்வேர் வெச்சு முன்ன பின்ன அளந்துட்டுத்தான் முடிவு.

அதுக்குள்ளயே மனசு ஜியான் இ3 1231 வி3 பிராசசர் மேல போயிருச்சு. நாலு கோர், எட்டு த்ரெட், போர்டோட சிபியு லிஸ்ட்லயும் பேர் இருக்குது. ஐ5 4590-க்கு த்ரெட் நாலுதான், சிஎஸ்2 (கவுன்டர் ஸ்டிரைக் 2) கேம்ல அது 100 சதவீதத்துல நிக்குது, கார்டு பாதி சும்மா இருக்குது. ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போற சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட விலை கேட்டு வரச் சொல்லியிருக்கேன். ஹெச்81-ல இந்த ஜியானைப் போட்டு ஓட்டறவங்க இருந்தா, எந்த பயாஸ் வெர்ஷன்ல எடுத்துக்குச்சுன்னு மட்டும் சொல்லுங்க.