ரெண்டு இண்டிகேட்டர் பல்பும் சாவாத ஹார்ட்டிஸ்கும்

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கறப்பவே அப்பா போன் பண்ணி "டப்பா போச்சுடா தம்பி"ன்னாரு. எங்க வீட்ல டப்பான்னா டிவிக்குக் கீழ கெடக்குற மீடியா ப்ளேயர் ஒண்ணுதான். 2011ல நான் வேலைக்குப் போன புதுசுல சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி, உள்ள 1 டிபி ஹார்ட்டிஸ்க் மாட்டி, மன்னார்குடி பக்கத்துல எங்க ஊருக்குக் கொண்டாந்து வச்சது. இப்ப இருக்கற பசங்களுக்கு இந்த சாமான் என்னன்னே தெரியாது. நெட்டு வேணாம், சந்தா வேணாம், ரிமோட்ல போல்டரைத் தொறந்து அமுக்குனா படம் ஓடும், அவ்ளோதான். நாலு தூத்தல் போட்டா டவர் படுத்துடுற ஊர்ல அது எவ்ளோ பெரிய விஷயம்னு அங்க இருந்து பாத்தவனுக்குத்தான் தெரியும்.

படங்க போனாப் போவுது. எனக்கு வயித்தக் கலக்குனது வேற. 2009 பங்குனி உற்சவத்துல, ராஜகோபாலசாமி கோயில் வெண்ணெய்த்தாழி அன்னைக்கு சித்தப்பா ஹேண்டிகேம்ல புடிச்சது அதுக்குள்ள இருக்கு. சாமி தவழ்ற கோலத்துல வெண்ணெய்க் குடத்தோட பல்லக்குல வர்றாரு, ஜனம் ரெண்டு பக்கமும் நின்னு வெண்ணெய வீசுது, எங்க அப்பாயி கையில ஒரு எவர்சில்வர் கிண்ணத்த வச்சுக்கிட்டு கூட்டத்த இடிச்சுத் தள்ளிப் போயி குறி பாத்து எறியுது, அது பல்லக்குக்குப் போவாம முன்னாடி நிக்கிறவரு மொட்டத் தலையில பொத்துன்னு ஒக்காந்துருது. அப்பாயி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு குலுங்கிக் குலுங்கி சிரிக்கும். மொத்தமே பதினோரு செகண்டு. ஹேண்டிகேம்ல போடுற அந்த மினி-டிவி (MiniDV) கேசட்டு டேப்பு அப்பறம் பூஞ்ச புடிச்சு வீணாப் போச்சு. டேப்புலேர்ந்து அப்படியே எறக்குனா ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வரும், ஒரு டிவிடில அடங்காது, சரி டப்பாலயே கெடக்கட்டும்னு போட்டு வச்சேன். இன்னொரு காப்பி எடுக்கல. திட்டறவங்க திட்டிக்கலாம், என் பொண்டாட்டி ஏற்கனவே திட்டிட்டா.

நான் ஊருக்குப் போறதுக்குள்ள அக்கா பையன் ஒரு வேலை பாத்து வச்சிருந்தான். திரையில ஹார்ட்டிஸ்க் இல்லன்னு வருது, ஆனா பென் டிரைவ் சொருவுனா படம் ஓடுது, அதனால "தாத்தா, டிஸ்க்கு டெட்டு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டு ஆன்லைன்ல புதுசா 4 டிபி டிஸ்க் ஒண்ணு ஆர்டர் போட்டு, வந்ததும் மாட்டியும் பாத்துட்டான். அதுவும் தெரியல. ஒடனே ரெண்டாவது தீர்ப்பு, "ப்ளேயரும் டெட்டு". இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா டிவிக்கும் சங்கு ஊதியிருப்பான்.

மன்னை எக்ஸ்பிரஸ்ல வந்து எறங்கி காபி குடிச்ச கையோட டப்பாவக் கவுத்துப் போட்டேன். நாலு ஸ்குரூ. தொறந்தா உள்ள காஞ்சு போன பல்லி முட்ட ஓடு ரெண்டு, மூலையில செத்த எறும்புக் குவியல், போர்டு மேல பழுப்பு நெறத்துல ஒரு தூசிப் படலம். பதினஞ்சு வருஷமா தொடைக்காத சாமான் வேற எப்படி இருக்கும். பெயிண்ட் பிரஷ்ஷால தட்டிவிட்டு, சாட்டா டேட்டா கேபிளையும் பவர் கனெக்டரையும் உருவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொடச்சு, டேட்டா கேபிள வேற மாத்திப் போட்டு ஆன் பண்ணேன். அதே கததான்.

அப்பறம்தான் காத வச்சுக் கேட்டேன். இத முதல்லயே செஞ்சிருக்கணும். விர்ர்ர்ர்னு சுத்த ஆரம்பிக்கிது, வேகம் ஏறிக்கிட்டே வர்றப்ப டிக்குனு ஒரு சத்தம், அப்படியே அமுங்கிடுது, நாலு செகண்டு கழிச்சு மறுபடி விர்ர்ர்ர், மறுபடி டிக்கு. கேட்ட ஒடனே எனக்கு கையி சில்லுன்னு ஆயிடுச்சு, டிஸ்க்குல எழுதிப் படிக்கிற ஹெட்டு போச்சுன்னு நெனச்சேன். ஆனா ஹெட்டு போன டிஸ்க்கு சாதாரணமா இப்படிப் பாடாது. அது முழு வேகத்துக்கும் சுத்திட்டு, அந்த ஓட்டத்துலயே டக், டக், டக்குனு தாளம் தப்பாம அடிக்கும். நல்லா சுத்தி அமைதியா நின்னுக்கிட்டு, ஆனா பொட்டிக்குத் தெரியலன்னா கேபிள், போர்ட்டு, இல்ல ஃபார்மட்டு சமாச்சாரம். ஒரு சத்தமுமே இல்லன்னா கரண்டே போய்ச் சேரல, இல்ல டிஸ்க்கோட அடி போர்டு காலி. பாதி ஏறி பாதில விழுவுறதுன்னா அது சோறு பத்தாத மாடு. வண்டிய இழுக்க எழுந்திருக்குது, முட்டி மடங்கி ஒக்காருது. இதெல்லாம் இப்ப வக்கணையா சொல்றேன், அன்னைக்கு எனக்கு உரைக்கல.

சித்தப்பாகிட்ட சொன்னா, டிஸ்க்கப் பிளாஸ்டிக் கவர்ல கட்டி ப்ரீசர்ல ஒரு ராத்திரி வையி, உயிர் வந்துரும்னாரு. வேணவே வேணாங்க. குளுந்த டிஸ்க்க வெளில எடுத்தா நம்ம ஊரு ஈரக் காத்துக்கு மேலயும் கீழயும் தண்ணி கோத்துக்கும், இருக்கற உயிரும் போயிடும். அதுவும் இல்லாம அம்மா ப்ரீசர்ல எடம் குடுக்க மாட்டாங்க.

டிஸ்க்கு ரெண்டையும் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு டவுன்ல இருக்கற கூட்டாளி வீட்டுக்குப் போனேன், அவன்கிட்ட பழைய டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு. பழைய டிஸ்க்க அதுல மாட்டி ஆன் பண்ணா... வழவழன்னு சுத்துது. டிக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் சேர்ல சாஞ்சு ஒக்காந்து ஒரு மூச்சு விட்டேன் பாருங்க, அதுக்குள்ள அவன் விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்டத் தொறந்து "பேரும் இல்ல லெட்டரும் இல்ல, காலி டிஸ்க்கு மாப்ள, ஃபார்மட் அடிச்சிரவா?"ன்னு மவுஸக் கொண்டு போறான். கையப் புடிச்சு இழுத்தேன். காலியெல்லாம் இல்லடா, அந்த டப்பாக்குள்ள ஓடுறது லினக்ஸு, டிஸ்க்க அது ஈஎக்ஸ்டி3ல ஃபார்மட் பண்ணி வச்சிருக்கு, விண்டோஸுக்கு அந்த பாஷை தெரியாது. உபுண்டு பென் டிரைவ்ல பூட் பண்ணோம், போல்டரு போல்டரா அப்படியே இருக்கு. வெண்ணெய்த்தாழி, அக்கா கல்யாணம், அப்பா ரேடியோலேர்ந்து எடுத்து வச்ச நாயனம் எல்லாம்.

வேற எதையும் பாக்காம மொத வேலையா காப்பி போட்டேன். அக்கா பையன் வாங்குன 4 டிபி அங்க உதவுச்சு, அதுவும் அந்த கம்ப்யூட்டர்ல ஜம்முன்னு வந்துச்சு. கிட்டத்தட்ட 600 ஜிபி, கூட்டாளி வீட்ல மத்தியானம் சாப்புட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கிறதுக்குள்ள முடிஞ்சுது. அப்பறம், டிஸ்க்கு தன் ஒடம்பு நெலமையத் தானே குறிச்சு வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட் எடுத்துப் பாத்தேன். 5ம் நம்பர், அதாவது கெட்டுப்போயி மாத்தி வச்ச செக்டார் (டேட்டா வைக்கிற குட்டிக் கட்டம்), பூஜ்யம். 197, படிக்க முடியாம நிக்கிற செக்டார், அதுவும் பூஜ்யம். 199 கேபிள் கோளாறு எண்ணிக்கை, ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா 10ம் நம்பர்ல மட்டும் ஏறியிருக்கு. அது ஸ்பின் ரீட்ரை, சுத்த முடியாம மறுபடி மறுபடி முயற்சி பண்ண கணக்கு. ஒண்ணு மோட்டார் சரியில்ல, இல்ல கரண்டு சரியில்ல. மோட்டார் நம்ம கண்ணு முன்னாடிதான் வழவழன்னு சுத்துது. அப்ப?

அடாப்டர். 12 வோல்ட் 2 ஆம்ப்னு போட்ட கருப்புக் கட்டி, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி செவுத்துல தொங்கிக்கிட்டு கெடந்துச்சு. வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர வச்சேன், 12.2 காட்டுது. நல்லாத்தான் இருக்குன்னு கீழ வச்சிட்டேன். இந்த 12.2 என்னய ரெண்டு மணி நேரம் ஏமாத்துச்சு. திரும்ப டப்பாவக் கவுத்துப் போட்டு, போர்டுல எங்கயாச்சும் சால்டர் விட்டுருக்கான்னு லென்ஸ் வச்சு தேடிக்கிட்டு கெடந்தேன். கடைசில பேருந்து நிலையம் பக்கத்துல ரேடியோ ரிப்பேர் பாக்குற அண்ணனுக்கு போன் போட்டேன், அவரு ஒரே கேள்விதான் கேட்டாரு, "லோடு குடுத்துப் பாத்தியா?"

அதானே. கரண்ட இழுக்க வச்சு அளந்தியான்னு அர்த்தம். சும்மா நிக்கிறப்ப எந்த அடாப்டரும் 12 காட்டும், சும்மா ஒக்காந்திருக்கறப்ப நானும் பயில்வான்தான். 3.5 இஞ்ச் டிஸ்க்குக்கு மோட்டார் சுத்தறது 12 வோல்ட்ல, போர்டு ஓடறது 5 வோல்ட்ல. மோட்டார் நின்ன நெலையிலேர்ந்து கெளம்புற அந்த சில செகண்டுல 2 ஆம்ப் வரைக்கும் கேக்கும், வேகம் புடிச்சதும் அரை ஆம்ப் பக்கம் வந்து அடங்கிடும். பென் டிரைவுக்கு 12 வோல்ட்டே வேணாம், 5 வோல்ட்ல கொஞ்சூண்டு போதும், அதனாலதான் அது ஓடுச்சு, டிஸ்க்கு ஓடல. பென் டிரைவ் ஓடுனத வச்சுத்தான் எல்லாரும் கரண்டு மேல சந்தேகமே படல.

லோடுக்கு எங்க போறது, ராத்திரி எட்டு மணி. அப்பாவோட வண்டி திண்ணையோரமா நின்னுச்சு. பின்னாடி இண்டிகேட்டர் ரெண்டையும் கழட்டி பல்ப உருவுனேன். 12 வோல்ட் 10 வாட், ஒண்ணுக்கு 0.8 ஆம்ப் சொச்சம், ரெண்டயும் பேரலலா போட்டா ஒன்றரை ஆம்புக்கு மேல. ஒயர முறுக்கி அடாப்டர் முனையில புடிச்சேன். ஒரு பல்பு எரியறப்ப மீட்டர்ல 11.3. ரெண்டாவதையும் வச்சேன், 9.1க்கு எறங்குச்சு, வெளிச்சம் சாமி மாடத்து வெளக்கு மாதிரி மினுக் மினுக்குன்னு துடிக்கிது. அப்பா பின்னாடி நின்னு பாத்துட்டு "இதுக்குத்தான் நாலாயிரம் டிஸ்க்கு வாங்குனியளா"ன்னு கேட்டாரு. ஜிபி கணக்குல நாலாயிரமா ரூவாக் கணக்குல நாலாயிரமான்னு கேக்கல, ரெண்டுமே வலிக்கும்.

மறுநாள் அந்த அண்ணன் கடையில அடாப்டரப் பொளந்தோம். இத நீங்களா வீட்ல செய்யாதீங்க, ப்ளக்க உருவுனதுக்கு அப்பறமும் உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம், ஒதறுனா ஒதறுனதுதான். அவுட்புட் பக்கம் 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒண்ணு தலை உப்பி, பூரி மாதிரி நிக்கிது. அத மாத்தி 105 டிகிரி தாங்குற 25 வோல்ட்டு ஒண்ணு போட்டாரு, பல்ப வச்சுப் பாத்தா ரெண்டும் எரியறப்ப 11.8. ஏன் உப்புச்சுன்னா சூடுதான், டிவிக்குப் பின்னாடி காத்து போவாத எடத்துல வருஷக் கணக்கா தொங்குச்சு. எங்க ஊர்ல மும்முனை கரண்ட் வர்ற நேரத்துல போர்செட்டு எல்லாம் ஒண்ணா ஓடும், வீட்டு வோல்டேஜ் 160க்குப் போவும், அப்ப இந்த மாதிரி அடாப்டர் அதே வேலைக்கு கூட ஆம்ப் இழுக்கும், அதுலயும் கொஞ்சம் வெந்திருக்கும்.

இருந்தாலும் பழசு பழசுதான்னு சிசிடிவி கடையில 12 வோல்ட் 3 ஆம்ப் அடாப்டர் ஒண்ணு வாங்குனேன். கேமரா ரெக்கார்டர் பொட்டிக்குள்ளயும் இதே 3.5 இஞ்ச் டிஸ்க்குதான் சுத்துது, அதனால அந்தக் கடையில கேட்டா சரியான சாமான் கெடைக்கும். முனைய மட்டும் பாத்து வாங்கணும். வெளி அளவு 5.5 மில்லிமீட்டர்னு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், உள்ள ஊசிக்கு ஒண்ணு 2.1, இன்னொண்ணு 2.5. மாத்தி வாங்குனா ஒண்ணு உள்ளயே போவாது, இல்ல போயி லொட லொடன்னு ஆடும், ஆடுனா மறுபடி அதே டிக்கு டிக்குதான். எனக்கு மொதல்ல குடுத்தது ஆடுச்சு, திரும்பப் போயி மாத்திட்டு வந்தேன். நடுவுல பாசிட்டிவான்னும் அடாப்டர் மேல இருக்கற படத்தப் பாத்துக்கணும்.

பழைய டிஸ்க்கு போட்ட ஒடனே வந்துருச்சு. அக்கா பையன் சும்மா இல்லாம 4 டிபியையும் மாட்டிப் பாத்தான், இப்ப அது நல்லா சுத்துது, ஆனா டப்பா கண்டுக்கல. அது வேற நோவு. டிஸ்க்க எப்படிப் பிரிச்சிருக்குன்னு குறிச்சு வைக்கிற பழைய எம்பிஆர் முறையில செக்டார் எண்ண 32 பிட்டுதான், 512 பைட்டால பெருக்குனா 2.2 டிபியோட கணக்கு முடிஞ்சுது, அதுக்கு மேல வேணும்னா ஜிபிடிங்கற புது முறை, அது 2011 டப்பாவுக்குத் தெரியல. ஒரே நேரத்துல ரெண்டு டிஸ்க்கு ரெண்டு வேற வேற காரணத்துக்குத் தெரியாமப் போனதுலதான் பய கொழம்பிட்டான், அவனயும் சொல்லிக் குத்தமில்ல. அந்த 4 டிபி இப்ப அம்மா பீரோவுல பட்டுப் பொடவைக்கு அடியில காப்பியா படுத்திருக்கு.

மாட்டுப்பொங்கல் அன்னைக்கு ராத்திரி எல்லாரும் ஒக்காந்து வெண்ணெய்த்தாழி பாத்தோம். அந்த மொட்டத்தலை வர்ற எடத்த அக்கா பசங்க ஆறு தடவ திருப்பித் திருப்பி ஓட்டுனாங்க, அம்மா "அந்த ஆளு திரும்பிப் பாக்கவே இல்ல பாரேன், சாமி பிரசாதம்னு நெனச்சுட்டாரு போல"ன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னாங்க.

நான் ரயிலேறி சென்னை வந்து ஒரு வாரம் கழிச்சு அப்பா போன் பண்ணாரு. டப்பா நல்லா ஓடுதான்னு கேட்டேன். "அது ஓடுது. என் வண்டி பல்பு ரெண்டும் எங்கடா வச்ச, ஒரு வாரமா கையக் காமிச்சுத் திரும்பிக்கிட்டு கெடக்கேன்"ன்னாரு. என் பேக்ல சைடு ஜிப்புல, முறுக்குன ஒயரோட இருக்கு.